நேற்றுப் போட்ட பன்

காட்டுக் குளத்தங்கரையில் கரடி அண்ணாச்சி பேக்கரி வைத்திருந்தார். விறகடுப்பிலிருந்து தேங்காய் பன் வெளியே வரும்போது ஒரு வாசனை கிளம்பும் பாருங்கள், மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களையும் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடும். வரிசை குளத்தையே ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும்.

வாசனை அப்படி. பன்னோ கல்!

முள்ளம்பன்றி அதில் முள்ளைத் தீட்டிக்கொண்டது. குரங்கு அதை எறிந்து மாங்காய் அடித்தது, குறி தப்பவே இல்லை. ஆமை அதைக் காலில் போட்டுக்கொண்டு ஒரு வாரம் நொண்டியது. யாராவது முகத்தைச் சுளித்தால் அண்ணாச்சியிடம் பதில் தயாராக இருக்கும்.

"டீயில முக்கித் தின்னுங்க!"

அதற்கு மேல் யாரும் வாயைத் திறப்பதில்லை. இவ்வளவு கூட்டம் வரும் கடையைக் குறை சொன்னால் நம்மையல்லவா பைத்தியம் என்பார்கள்!

நாவல்மரத்து அணில் மாடத்தியும் அப்படித்தான் இருந்தாள், மகள் பேச்சியைப் பெண் பார்க்கப் புளியமரத்துக்காரர்கள் வரும்வரை. மாடத்தி பெருமையாக அண்ணாச்சி கடைப் பன்னைத் தட்டில் வைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு கடி கடித்தாள். பன் பன்னாகவே இருந்தது. பல்தான் பன்னில் இருந்தது!

"பல்லு முளைக்கட்டும், அப்புறம் பாப்போம்" என்று எழுந்து போய்விட்டார்கள். பேச்சிக்கோ அந்த மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. அன்றிலிருந்து ஒரு கொட்டையைக்கூட அவள் முழுதாகத் தின்னவில்லை.

இப்போது பல் முளைத்துவிட்டது. புளியமரத்திலிருந்து ஆள் வந்து சொன்னான். "சாயங்காலம் வாரோம். அந்தக் கடை வாசனை எங்க மரம் வரைக்கும் வருது. வாசனை மாதிரியே பன்னும் இருந்தா மேற்கொண்டு பேசுவோம். இல்லைனா வேற இடம் பாத்துக்கிடுதோம்!"

மாடத்தி ஒரே ஓட்டமாகக் கடைக்கு ஓடினாள். அப்போதுதான் அண்ணாச்சி ஒரு தட்டுப் பன்னை அடுப்பிலிருந்து இறக்கினார். ஆவி பறந்தது. மாடத்திக்கு வாலெல்லாம் சிலிர்த்தது.

"அண்ணாச்சி! அந்தத் தட்டுல இருந்து குடுங்க!"

"அது இன்னைக்குப் போட்டது தாயி" என்றார் அண்ணாச்சி. "நேத்துப் போட்டது தீர்ந்தாத்தான் இதை எடுப்பேன்."

"அது என்னைக்குத் தீரும்?"

"நாளைக்குத் தீரும்."

"நாளைக்கு இது?"

"நாளைக்கு இது நேத்துப் போட்டது ஆயிரும்லா! அப்ப தாரேன்!"

மாடத்திக்குத் தலை சுற்றியது. அப்படியானால் இந்தக் காட்டில் ஒருத்தர்கூடச் சூடான பன்னைத் தின்றதே இல்லையா!

"நீங்களாவது தின்னிருக்கீங்களா?"

"நானா? முந்தாநாள் போட்டதே மிஞ்சிக் கிடக்கு, எனக்கு எதுக்குப் புதுசு? எங்க அப்பா காலத்துல இருந்து இதான் பழக்கம்!"

மாடத்தி திரும்பிப் பார்த்தாள். பின்னால் யானை நின்றது.

"ஆனை மாமா, உங்களுக்கு எத்தனை பன் போவும்?"

"தட்டு தட்டாப் போவும்! இவன்தான் ஆளுக்கு ரெண்டுங்கான்!"

"அடுப்புக்கு ஒரு மரம் விறகு குடுத்துட்டுப் பழசு எல்லாத்தையும் வாங்கிக்கிடுங்களேன்!"

அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். பழைய சரக்கு மொத்தத்தையும் அள்ளிக் கொட்டினார். யானை கடிக்கவில்லை, மெல்லவில்லை, விழுங்கியது. வயிற்றுக்குள் கடகடவென்று சத்தம் கேட்டது. தட்டு காலி!

"இப்ப இன்னைக்குப் போட்டதை எடுங்க!" என்று வரிசை மொத்தமும் கத்தியது.

அண்ணாச்சி ஆவி பறக்கும் புதுத் தட்டின் மேல் கை வைத்தார். சட்டென்று முகம் வெளுத்தது.

"ஐயய்யோ! இதை வித்துட்டா நாளைக்கு விக்க நேத்துப் போட்டதுக்கு எங்கே போவேன்?"

இரண்டு கைகளையும் விரித்துத் தட்டை மறித்துக்கொண்டார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பேச்சியின் முகம் மாடத்தியின் கண்ணுக்குள் வந்தது. அழுகை முட்டியது, கூடவே கோபமும் வந்தது. அவ்வளவுதான்! யானையின் தும்பிக்கை மேல் ஏறினாள், நுனிக்கு ஓடினாள், ஒரே தாவல், தட்டுக்குள் விழுந்தாள்.

"களவாணி!" என்று அண்ணாச்சி வாயைப் பிளந்தார்.

பிளந்த வாய்க்குள் ஒரு சூடான பன்னைத் திணித்தாள் மாடத்தி.

கத்தவும் முடியாமல், துப்பவும் மனமில்லாமல் அண்ணாச்சி மென்றார். ஒரு மெல்லு. இன்னொரு மெல்லு. கண் தானாக மூடிக்கொண்டது. தேங்காய்ப்பூ மீசையில் ஒட்டியிருந்தது.

"இது... இது யார் கடைப் பன்னு?" என்றார்.

"உங்க கடைதான் அண்ணாச்சி!"

அண்ணாச்சி தொப்பென்று தரையில் உட்கார்ந்தார். சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். "இவ்வளவு நல்லாவா போடுதேன் நான்! இத்தனை வருசமா ஒரு ஆளுக்குக்கூடத் தெரியாமப் போச்சே!"

பிறகு அவரே எழுந்து, ஆறுவதற்குள் வாழையிலையில் பொட்டலம் கட்டி மாடத்தி கையில் கொடுத்தார். அன்றைக்குக் குளக்கரையில் டீயில் முக்கியவர் ஒருவரும் இல்லை. முள்ளம்பன்றி தன் முள்ளில் நாலு பன்னைக் குத்திக்கொண்டு ஆடியது. ஆமை ஓடியது!

மாடத்தி மரம் ஏறவும் புளியமரத்துக்காரர்கள் வரவும் சரியாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா பன்னை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பன் அமுங்கியது. புதுப்பல்லைப் பயந்து பயந்து வைத்துக் கடித்தாள். பேச்சி இலைக்குப் பின்னால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அந்த அம்மா முழுப் பன்னையும் தின்று முடித்து, விரலை நக்கிவிட்டுக் கையை நீட்டினாள்.

"இன்னொண்ணு எடுங்க, சம்பந்தி!"

நேற்றையது வீணாகிவிடுமே என்று இன்றையதைப் பூட்டி வைக்கிறவன், தன் கையால் செய்த நல்லதைத் தானும் அனுபவிப்பதில்லை, அடுத்தவருக்கும் கொடுப்பதில்லை.