அழகாக வெளியே போகும் பந்து

"கோச், கை நம்ம பேச்சைக் கேக்கணும்னா என்ன செய்யணும்?"

கேட்டவன் ஜெரோம். தூத்துக்குடிக்காரன். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் பதினோரு வருடமாக ஆடுகிறவன். பனைமரத்தில் பாதி இருப்பான்.

கேட்கப்பட்டவள் ரெக்ஸ்லின். நாகர்கோவில்காரி. அவனைவிட வயதில் சின்னவள், அவன் தோளுக்குக்கூட எட்டமாட்டாள். ஃப்ரீ த்ரோ சொல்லித்தர அணி அவளை வேலைக்கு வைத்திருந்தது.

ஃப்ரீ த்ரோ ரொம்ப எளிய விஷயம். எதிராளி நம்மைப் பிடித்து இழுத்தால், நடுவர் நம்மைக் கோட்டில் நிறுத்திப் பந்தைக் கையில் கொடுப்பார். யாரும் தடுக்கமாட்டார்கள். சும்மா நின்று போட வேண்டியதுதான்.

ஜெரோமுக்கு அது ஒன்றுதான் வராது.

எதிரணிகளுக்கு இது தெரிந்துபோயிற்று. ஆட்டம் முடியும் சமயத்தில் வேண்டுமென்றே வந்து அவனைக் கட்டிப்பிடிப்பார்கள். அவன் கோட்டில் நின்று கோட்டை விடுவான். அதனால் தலைமைக் கோச் கடைசி நிமிடங்களில் அவனை வெளியே உட்கார வைத்துவிடுவார்.

இந்த சீசனோடு ஒப்பந்தம் முடிகிறது. உட்கார்ந்திருப்பவனை எந்த அணி எடுக்கும்?

"போட்டுக் காட்டுங்கண்ணே."

போட்டான். பந்து வளையத்தில் பட்டு வெளியே குதித்தது.

"கீழருந்து போடுங்க. ரெண்டு கையாலயும். முட்டியை மடக்கி, அப்படியே மேல தூக்கி விடுங்க."

ஜெரோம் சிரித்துவிட்டான். "சின்னப் பிள்ளைகதான் அப்படிப் போடும். ஊரே சிரிக்கும், தங்கச்சி."

"போட்டுப் பாத்திருக்கீங்களா?"

"ஆளில்லாதப்ப."

"விழுந்துச்சா?"

ஜெரோம் போய்ப் பந்தை எடுத்து வந்தான்.

"எல்லாமே விழுந்துச்சு."

"அப்ப உங்களுக்குப் பந்து உள்ள விழணுமா, அழகா வெளிய போகணுமா?"

"அழகா உள்ள விழணும்."

"அந்த அழகத்தான பதினோரு வருஷமா பாக்கோம்."

ஜெரோமுக்குச் சுருக்கென்றது. பையைத் தூக்கிக்கொண்டு கதவுவரை போனான். ஒப்பந்தம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். திரும்பி வந்து, பையைக் கீழே வைத்தான்.

மறுநாள் ரெக்ஸ்லின் மொத்த அணியையும் கூப்பிட்டாள்.

"இவர் கீழே இருந்து பந்து போடுவார். ஒவ்வொரு தடவையும் நீங்க சிரிக்கணும். நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

சொல்லவா வேண்டும்? ஒருவன் தரையில் உருண்டான். ஒருவன் ஜெரோமைப் போலவே முட்டி மடக்கிக் காட்டினான். தடியன்களுக்கு அப்படியொரு குஷி.

ஜெரோமுக்கு அவமானம் தாங்கவில்லை. கண் கலங்கியது. பந்து எங்கெங்கோ போனது.

ரெக்ஸ்லின் பந்தைப் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தாள்.

சாப்பாட்டு வேளை நெருங்கியது. உருண்டவன் எழுந்து உட்கார்ந்தான். முட்டி மடக்கியவன் போனை எடுத்தான். ஒருவன் கொட்டாவி விட்டான்.

"ஏன் நிறுத்திட்டீங்க? சிரிங்க!" என்று அதட்டினாள்.

"முடியல, கோச். இதுல சிரிக்க என்ன இருக்கு? பசிக்குது."

ஜெரோம் அவர்களைத் திரும்பிப் பார்த்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"இன்னொரு பந்து தாங்க, கோச்," என்றான்.

சீசனின் கடைசி ஆட்டம் வெளியூரில். முடிய நாலு நிமிடம் இருந்தது. ஜெரோமின் அணி பின்தங்கியிருந்தது. தலைமைக் கோச் வழக்கம்போல அவனை வெளியே கூப்பிடக் கை தூக்கினார். ரெக்ஸ்லின் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

எதிரணிக்காரன் ஓடி வந்து ஜெரோமைக் கட்டிப்பிடித்தான். நடுவர் விசில் ஊதினார்.

ஜெரோம் கோட்டில் நின்றான். முட்டியை மடக்கினான்.

அரங்கமே சிரித்தது. கூரை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது.

பந்து உள்ளே விழுந்தது. அடுத்ததும் விழுந்தது.

மறுபடி கட்டிப்பிடித்தார்கள். மறுபடி இரண்டும் விழுந்தன. சிரிப்பு பாதியானது.

மறுபடியும் பிடித்தார்கள். இரண்டும் விழுந்தன. இப்போது ஜெரோமின் அணி முன்னால் இருந்தது. எங்கோ மேல்வரிசையில் ஒருத்தர் மட்டும் விடாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

எதிரணிக் கோச் எழுந்து, தொண்டை கிழியக் கத்தினார்:

"அவனைத் தொடாதீங்கடா! யாரும் அவனைத் தொடக் கூடாது!"

பந்து மீண்டும் ஜெரோமின் கைக்கு வந்தது. அவனைச் சுற்றியிருந்தவர்கள் கைகளை மேலே தூக்கிக்கொண்டு விலகி நின்றார்கள். பதினோரு வருடத்தில் அவன் இப்படியொரு காட்சியைக் கண்டதில்லை.

திகைத்துப்போய், பக்கக் கோட்டில் நின்ற ரெக்ஸ்லினைப் பார்த்தான்.

"கோச், ஒருத்தனும் கிட்ட வரமாட்டேங்கான்! இப்ப என்ன செய்ய?"

"விளையாடுங்கண்ணே," என்றாள்.