சுவருக்குள் வந்தவை

ஞானதிரவியம் ரத்தக்குழாய் அறுவை மருத்துவர். ஐம்பத்தாறு வயது. திசுக்களைப் பார்த்து நோய் சொல்லும் செய்யதலி பாத்திமாவுக்கு முப்பத்தெட்டு. நாலு மாதமாக, மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் பாத்திமாவின் ஆய்வகத்துக்கு வந்து, மாணவனைப் போல மைக்ராஸ்கோப் முன்னால் உட்காருவார். பார்ப்பது எப்போதும் ஒரே ஒரு கண்ணாடிச் சில்லைத்தான்.

அதில் இருந்தது சுடலைமுத்துவின் வயிற்றுப் பெருந்தமனிச் சுவரில் ஒரு துணுக்கு. சுடலைமுத்து லாரி டிரைவர். குழாய் ஓரிடத்தில் பலூன்போல வீங்கியிருந்தது. நாலே முக்கால் சென்டிமீட்டர். ஐந்தரையைத் தொட்டால் அறுவை செய்யலாம், அதுவரை ஆறு மாதத்துக்கொரு ஸ்கேன் போதும் என்று சொல்லி அனுப்பியவர் ஞானதிரவியம். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஐந்தாம் மாதம் குழாய் வெடித்தது. அவசரமாக வயிற்றைத் திறந்தார். காப்பாற்ற முடியவில்லை.

"இந்தச் சுவரை அரிச்சது யாரு, மேடம்?" அன்றும் அதையே கேட்டார்.

பாத்திமா அந்தச் சில்லின் பெரிய படம் ஒன்றை மேசையில் வைத்து, சிவப்புப் பேனாவை நீட்டினார். "அரிச்சது எதுன்னு நீங்களே வட்டம் போடுங்க, சார்."

அறுந்து கிடந்த நார்களுக்கு நடுவே கும்பல் கும்பலாக அழற்சி செல்கள். ஒவ்வொன்றாக வட்டம் போட்டார். படம் சிவந்துவிட்டது.

பாத்திமா இன்னொரு படத்தை வைத்தார்.

"இது என்ன, மேடம்?"

"கால் புண்ணு. நல்லா ஆறிட்டு வருது. இதுலயும் போடுங்க."



பேனா நின்றது. "அதே செல்தானே இங்கயும் இருக்கு!"

"இங்க என்ன பண்ணுது?"

"செத்த சதையைச் சுத்தம் பண்ணுது. புதுசு வளர வழி விடுது."

"அங்க?"

"அங்கயும்..." யோசித்தார். "சிகரெட்டோ, வயசோ, எதுவோ சுவரைக் கீறியிருக்கு. அதைச் செப்பனிடத்தான் வந்திருக்கு. வந்த இடத்துல நாரை வெட்டுது. வெட்டுன துண்டு இன்னும் நாலு செல்லைக் கூப்பிடுது. அதுகளும் வந்து வெட்டுது. அப்ப முதல் தப்பு யாரோடது?"

"எனக்குத் தெரியலை, சார்."

"அழற்சியையே அடக்கிட்டா?"

"அடக்கிப் பாத்தாங்க. எலிக்குக் கேட்ட மருந்து மனுஷனுக்குக் கேக்கலை. சரி, முழுசா அடக்கிட்டோம்னே வச்சுக்குவோம். இந்தக் கால் புண்ணு ஆறுமா?"

ஞானதிரவியம் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வட்டம் போட்டது சரியா தப்பா என்றே பிடிபடவில்லை.

அப்போது கதவருகே ஒரு பெண் வந்து நின்றாள். சுடலைமுத்துவின் மகள் முத்துச்செல்வி.

"ஐயா, உங்க ரூம்ல கேட்டேன். இங்க இருக்கீகன்னு சொன்னாவ."

"வாம்மா. அம்மா நல்லா இருக்காங்களா? ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்லு."

நாலு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் கோயில் ஆராதனை முடிந்த கையோடு அவர் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அவள் முந்தானையைத் திருகினாள். "அதச் சொல்லத்தான் வந்தேன். நீங்க தங்கமான மனுசன்யா. ஆனா ஒவ்வொரு தடவையும், குழாய் வெடிக்கதுக்கு முன்னால முதுகு வலின்னு அப்பா சொன்னாரா, எப்பச் சொன்னாருன்னு கேக்கீக. நீங்க போன பிறகு, 'வலின்னாரே, தைலத்தத் தேச்சு விட்டுட்டுச் சும்மா இருந்துட்டேனே'ன்னு அம்மா தலையில அடிச்சிக்கிடுதா. ரெண்டு நாளைக்குச் சோறு திங்க மாட்டேங்கா. இனிமே வராதீகய்யா."

கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஞானதிரவியம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறுதல் சொல்லத்தானே மேடம் போனேன்?"

"ஆமா, சார்."

"போகாம இருந்தா, கைவிட்டுட்டேன்னு நினைக்க மாட்டாங்களா?"



அவர் கால் புண் படத்தைக் கையில் எடுத்தார். 

"இந்தப் புண்ணு ஆறி முடியும்போது, வந்த செல்லெல்லாம் என்ன ஆகும்?"

"போயிடும்."

"எப்பப் போகணும்னு அதுகளுக்கு யாரு சொல்லுவா?"

"புண்ணே சொல்லும், சார். இப்பத்தான் வாசல் வரைக்கும் வந்து சொல்லிட்டுப் போயிருக்கு."