கடைசி அடியில் இருந்த பெயர்

முதலில் தப்புச் செய்தது மைனாதான். குழந்தைகளே, இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் ஆளாளுக்கு மாற்றிச் சொல்வார்கள்.

ஒரு காட்டில், இலுப்பை மரத்தடியில் பழைய தர்கா ஒன்று இருந்தது. அந்த மரத்தில் ஒரு கரிச்சான் குருவி குடியிருந்தது. கறுப்பு அங்கி போட்டதுபோல் இருக்கும். யாரிடமும் எதுவும் கேட்காது. எல்லோரும் அதைப் பக்கீர் என்றே கூப்பிட்டார்கள்.

விடியுமுன் எழுந்து இறைவனை நினைத்துப் பாடும். அந்த நேரத்தில் காடே தூங்கும். கீழ்க்கிளையில் இருந்த மைனா ஒன்றுதான் விழித்திருந்து கேட்டது.

அந்தக் காட்டில் பாட்டுக் கட்டுகிறவர் கடைசி அடியில் தம் பெயரை வைப்பது வழக்கம். பக்கீர்களோ இறைவனுக்கு முன் பணிந்து, அந்த அடியில் தாங்கள் ஒன்றுமே இல்லை என்று தங்களையே திட்டிக்கொள்வார்கள். கரிச்சானின் பாட்டு இப்படி முடியும்:

"உன் வாசலில் காவலுக்கு நின்று
உன் சோற்றையே திருடித் தின்ற கள்ளன்
இந்தக் கரிச்சான்."

மைனா நாற்பது நாள் கேட்டு மனப்பாடம் செய்தது. பொருள் புரியவில்லை. அதனால் என்ன? தர்காவில் நடக்கும் கந்தூரி விருந்து அன்று நன்றாகப் பாடுகிறவருக்குச் சிங்கராஜா பச்சைத் தலைப்பாகை கட்டுவாரே!

கந்தூரியும் வந்தது. அன்று பார்த்து நெய்ச்சோற்றில் பாதியைக் காணவில்லை. ராஜா உறுமிக்கொண்டிருந்தார்.

"திருடனைத் தேடிக்கொண்டே இருக்கிறோம், ராஜா" என்றது மந்திரி நரி. அதன் மீசையில் நெய் மின்னியது. யாரும் பார்க்கவில்லை.

மைனா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாடியது. கூட்டம் தலையாட்டியது. கடைசி அடி வந்தது.

"உன் சோற்றையே திருடித் தின்ற கள்ளன் இந்த மைனா!"

"அடேய்! நீதானா?" என்று பாய்ந்தார் ராஜா.

"ஐயோ ராஜா, அது பாட்டு!"

"திருடியதைப் பாட்டாக வேறு பாடுகிறாயா? என்ன திமிர்!"

"அது என் பாட்டே இல்லை! கரிச்சான் கட்டியது!"

கரிச்சானை அழைத்தார்கள். "பாட்டு என்னுடையதுதான். அதில் கரிச்சான் என்று இருந்தது. மைனா என்று மாற்றியது யார்? அதைக் கேளுங்கள்" என்றது.

"நான்தான்" என்று முனகியது மைனா.

"பெயரைத் திருடியவன் சோற்றைத் திருட மாட்டானா?" ராஜா மைனாவின் வால் சிறகைப் பிடுங்கி விரட்டினார்.

கரிச்சான் நகரவில்லை. "ராஜா, பாட்டில் என் பெயரைத் திருப்பி வையுங்கள்."

நரி குறுக்கே வந்தது. "இத்தனை பேரும் மைனா என்றே கேட்டுவிட்டோம். தான் ஒன்றுமே இல்லை என்று பாடுகிற பக்கீருக்குப் பெயர் எதற்காம்?"

கூட்டம் சிரித்தது. ராஜாவும் சிரித்தார்.

"ஒன்றுமே இல்லை என்று நான் சொன்னது இறைவனிடம், உங்களிடம் இல்லை" என்றது கரிச்சான்.

சிரிப்பு நின்றது. பெயர் மட்டும் வரவில்லை. இன்றும் அந்தப் பாட்டு 'இந்த மைனா' என்றுதான் முடிகிறது. ஒவ்வொரு கந்தூரிக்கும் கரிச்சான் வந்து தன் பெயரைக் கேட்கிறது.

நீதி: பணிவானவரிடம் எடுத்தாலும் திருட்டு திருட்டுத்தான், திருப்பிக் கொடுக்கும்வரை அது கடன்.