சூரியனுக்குக் கொடுத்த இடம்

கார்களுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில் சூரியனுக்குக் கால் வலிக்கும். விடிந்ததிலிருந்து வானத்தில் நின்றுகொண்டே இருந்தால் யாருக்குத்தான் வலிக்காது? உச்சிப் பொழுது வந்ததும் கீழே எட்டிப் பார்ப்பார். வெட்டவெளியில் ஒரு கார் நின்றால் போதும், கண்ணாடி வழியாக உள்ளே இறங்கி, சீட்டில் சாய்ந்து, டேஷ்போர்டு மேல் காலை நீட்டி ஒரு தூக்கம் போட்டுவிடுவார்.

கோவில்பட்டியில் டாக்ஸி ஓட்டிய பொன்னுப்பாண்டியின் வெள்ளைக் கார்மீது அவருக்குத் தனிப் பிரியம். கார்தான் பாவம், தினமும் அழும்.

"அண்ணாச்சி, வயிறு எரியுது. டேஷ்போர்டு வெடிச்சுப் போச்சு, சீட்டெல்லாம் சாயம் போச்சு. ஏதாவது மரத்தடியில கொண்டு போய் விடுங்க."

அந்த ஊரில் மரத்தடிகளில் காருக்கு முன்னதாகவே ஆடுகள் வந்து படுத்துவிடும். பொன்னுப்பாண்டி சூரியனிடமே கெஞ்சிப் பார்த்தான்.

"சாமி, கொஞ்சம் எந்திரிங்களேன்."

"காலியாத்தானப்பா கிடந்துச்சு? காலி இடத்துல யாரு வேணாலும் உக்காரலாம்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். சாமியிடம் யார் மல்லுக்கு நிற்பது?

இப்படி இருக்கையில் அவன் மனைவி கனியம்மா ஆஸ்பத்திரியில் அழகான பெண் குழந்தையைப் பெற்றாள். வீட்டுக்குக் கிளம்பும் நாளன்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டாள்.

"பச்சப்பிள்ளையத் தூக்கிட்டு அந்த அடுப்புக்குள்ள ஏற மாட்டேன். நான் ஆட்டோவுல வாரேன். நீங்க உங்க காரக் கட்டிக்கிட்டு வாங்க."

பொன்னுப்பாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது. தன் பிள்ளையைத் தன் காரில் கூட்டிப்போக வேண்டும் என்பதற்காகத்தான் அவன் அந்தக் காரையே வாங்கினான். "கீழ வந்து ஒரே ஒரு தடவ சீட்டைத் தொட்டுப் பாரு. சுட்டா ஆட்டோவுலயே போ" என்று சொல்லிவிட்டு, துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். சீட் சுடாமல் இருக்க என்ன செய்வது என்பது அவனுக்கே தெரியாது.

வாசலை எட்டும்போதே கார் அலறியது. "அண்ணாச்சி, வாராரு! வாராரு!"

சூரியன் ஒரு காலைப் பின்கண்ணாடி வழியாக உள்ளே விட்டுவிட்டார். கதவைத் திறக்க நேரமில்லை. பொன்னுப்பாண்டி யோசிக்கவே இல்லை. கார் வாங்கும் முன் பஸ் ஸ்டாண்டில் எத்தனையோ வருஷம் இடம் பிடித்துப் பழகிய கை, தானாகவே தோளில் கிடந்த துண்டை உருவித் திறந்திருந்த ஜன்னல் வழியே பின்சீட்டில் வீசியது.

சூரியனின் கால் அந்தரத்தில் நின்றது.

அவரும் தினம் மேலேயிருந்து எல்லா ஊர் பஸ் ஸ்டாண்டையும் பார்க்கிறவர்தானே! அடுத்தவன் துண்டு போட்ட சீட்டில் உட்கார்ந்தவனுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவன் பரம்பரையையே சந்திக்கு இழுத்துவிடுவார்கள்.

"யாரு துண்டுப்பா இது?"

"என் துண்டுதான் சாமி. கைப்பிள்ளைக்காரி வாரா. அவளுக்கு இடம் போட்டிருக்கேன்."

"கைப்பிள்ளைக்காரிக்கா? நல்லா இருக்கட்டும்" என்று சூரியன் மெல்ல முன்பக்கம் நகர்ந்தார்.

பொன்னுப்பாண்டிக்கு உயிர் வந்தது. மூட்டையை அவிழ்த்தான். பழைய வேட்டி முன்சீட் இரண்டுக்கும் போனது. பிள்ளைத் துணி ஸ்டீயரிங்கைச் சுற்றிக்கொண்டது. கனியம்மாவின் பழைய சேலை டேஷ்போர்டு முழுக்கப் படுத்தது. கார் சந்தோஷத்தில் ஹாரன் அடித்தது. ஆஸ்பத்திரி என்பதால் அவன் அதன் வாயைப் பொத்தினான்.

"எல்லா இடத்தையும் நீயே பிடிச்சுட்டா, காலையிலேருந்து நிக்கிறவன் எங்கப்பா போவேன்?"

அந்தக் குரலைக் கேட்டதும் பொன்னுப்பாண்டிக்கு மனசு கேட்கவில்லை. வேலை செய்து அலுத்தவன் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு டிரைவருக்குத் தெரியாதா? சுற்றுமுற்றும் பார்த்தான். டிரைவர் பக்கத்து ஓரத்தில் சீட் பெல்ட்டின் இரும்புக் கொக்கி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"இதுல ஒடுங்கி உக்காந்துக்கிடுங்க சாமி."

சூரியன் உடம்பைக் குறுக்கிக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தார். "போதும்ப்பா. இனி இது என் இடம்" என்றார்.

கனியம்மா குழந்தையோடு வந்தாள். துண்டை விலக்கி, விரல் நுனியால் பின்சீட்டைத் தொட்டாள். பிறகு உள்ளங்கையை வைத்தாள். ஏறி உட்கார்ந்து, "நிக்கிறீங்களே, வண்டிய எடுங்க. பிள்ளைக்கு வீட்டப் பாக்கணுமாம்" என்று சிரித்தாள்.

உலகத்தையே ஜெயித்த தோரணையில் பொன்னுப்பாண்டி முன்னால் ஏறினான். ஸ்டீயரிங்கில் சூடே இல்லை. பெல்ட்டை இழுத்து மாட்டப் போனான்.

"ஆத்தாடி!"

கையை உதறிய வேகத்தில் அவனே ஹாரனை அடித்துவிட்டான். கனியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். கொக்கியிலிருந்து சாவகாசமாக ஒரு குரல் வந்தது: "நீ கொடுத்த இடம்தானப்பா?"

அன்றைக்குத் தொடங்கிய வழக்கம்தான்: எந்தக் கத்திரி வெயிலிலும் துணி விரித்த சீட்டில் சூரியன் உட்காருவதில்லை, பெல்ட் கொக்கியை மட்டும் இன்றுவரை யாருக்கும் அவர் விட்டுக்கொடுப்பதும் இல்லை.