பெரிய எழுத்து கேட்ட முள்ளம்பன்றி

காட்டோடையின் அக்கரையில் ஒரு நாவல் மரம். அதன் அடியில்தான் விலங்குகளின் பள்ளிக்கூடம். அங்கே கணக்கு வாத்தியார் ஊசிமுத்து என்ற முள்ளம்பன்றி. இங்கிலீஷ் டீச்சர் நெட்டையம்மா என்ற கொக்கு.

ஒரு திங்கட்கிழமை மரத்தில் புதுப் பலகை தொங்கியது. எந்த நேரத்தில் என்ன பாடம் என்று நெட்டையம்மா இங்கிலீஷில் எழுதியிருந்தாள். ஊசிமுத்து அண்ணாந்து பார்த்தார். இங்கிலீஷ் பாடத்துக்கு மட்டும் முதலெழுத்து பெரிதாக நிமிர்ந்து நின்றது. கணக்கு, அறிவியல், பாட்டு எல்லாமே சின்ன எழுத்து.

அவ்வளவுதான். அவருக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

"ஏன் டீச்சர், உங்க பாடத்துக்கு மட்டும் பெரிய எழுத்தா? என் பாடம் என்ன, குப்பையிலயா கிடக்கு?"

"நான் வச்ச சட்டம் இல்ல சார். இங்கிலீஷ்ங்கிறது ஒரு மொழியோட தனிப் பேரு. தனிப் பேருக்குத்தான் பெரிய எழுத்து. கணக்கு, அறிவியல் எல்லாம் பொதுப் பேரு. கொக்குன்னு எழுதினாக்கூட சின்ன எழுத்துதான். ஊசிமுத்துன்னு எழுதினா உங்களுக்கும் பெரிய எழுத்து உண்டு."

"என் பேருக்கு யார் கேட்டா? என் பாடத்துக்கு வேணும்."

விளக்கம் என்னவோ சரிதான். பொறாமைப்படுகிறவர் காதில் விளக்கம் எங்கே ஏறும்? மூன்று நாள் அவருக்குக் கிழங்கு இறங்கவில்லை. வகுப்பில் போட்ட கணக்கெல்லாம் ஒரே மாதிரி இருந்தது. "ஒரு கொக்குக்கு ரெண்டு கால். ஒண்ணை மடக்கி வச்சுக்கிட்டு பெருமையடிச்சா மீதி எத்தனை?"

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் ஆமை தன் முதுகில் குட்டிகளைச் சுமந்து இக்கரைக்குக் கொண்டுவரும். கரையில் நிற்கும் ஊசிமுத்து ஒவ்வொரு குட்டியையும் மூக்கால் தொட்டு எண்ணுவார். அவர் "இருபத்தொன்பது" என்று சொன்ன பிறகுதான் அம்மாக்கள் வீட்டுக்குக் கிளம்புவார்கள். முயலம்மாவுக்கு ஏழு பிள்ளைகள், எண்ணத் தெரியாது. அவள் நம்பியிருந்ததே அந்த ஒரு சொல்லைத்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஊசிமுத்து ஆமையிடம், "அண்ணே, இன்னிக்கு நீங்களே எண்ணிக்கோங்க. எனக்கு வேலை இருக்கு" என்றார்.

"எனக்குப் பத்துக்கு மேல தெரியாதே வாத்தியாரே."

"அப்ப பத்து பத்தா எண்ணுங்க."

எல்லாரும் போன பிறகு அவர் தன் முள் ஒன்றைப் பிடுங்கினார். நாவல்பழச் சாற்றில் தோய்த்தார். கல்மேல் ஏறிக் கணக்குப் பாடத்தின் முதலெழுத்தைப் பெரிதாக்கினார். தள்ளி நின்று பார்த்தார். கொக்கின் எழுத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. இன்னும் பெரிதாக்கினார்.

அப்போது நெட்டையம்மா பறந்து வந்தாள். பலகையைப் பார்த்தாள்.

"சார், இருபத்தொன்பதுன்னு யாரும் சொல்லல. அம்மாமார் ஒருத்தரும் நகரல. மேற்கால மழை, தண்ணி ஏறுது. சீக்கிரம் வாங்க."

ஊசிமுத்து ஆமைமேல் ஏறி இக்கரைக்கு வந்தார். எண்ணினார். இருபத்தெட்டு. மறுபடி எண்ணினார். இருபத்தெட்டுதான். உடம்பில் இருந்த முள்ளெல்லாம் எழுந்து நின்றது. முயல்குட்டிகளைத் தனியாக எண்ணினார். ஆறுதான் இருந்தன.

"பொட்டு எங்கே? என் கடைக்குட்டி பொட்டு எங்கே?" என்று முயலம்மா அலறினாள்.

நெட்டையம்மா மேலே எழும்பிப் பறந்தாள். ஓடை திரும்புகிற இடத்தில், ஒரு கோரைப் புதரைக் கட்டிப்பிடித்தபடி கழுத்தளவுத் தண்ணீரில் பொட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. ஆமையின் ஈர முதுகிலிருந்து வழுக்கி விழுந்திருக்கிறது. ஏறிவந்த தண்ணீரின் இரைச்சலில் அது கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. நெட்டையம்மா மேலிருந்து வழி காட்ட, ஆமை நீந்திப் போய்க் குட்டியைத் தூக்கி வந்தது.

ஊசிமுத்து பொட்டுவை மூக்கால் தொட்டார். "இருபத்தொன்பது" என்றார். முயலம்மா அவரைத் திட்டவில்லை. பிள்ளையை நக்கிக் காயவைத்துக்கொண்டே, "நாளைக்கு நீங்க நிப்பீங்கல்ல வாத்தியாரே?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

எல்லாரும் போன பிறகு நெட்டையம்மா மெதுவாகச் சொன்னாள்.

"பலகையில எனக்குப் பெரிய எழுத்துதான் சார். ஆனா தினம் சாயங்காலம் இத்தனை அம்மாமாரும் உங்க வாயைத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. என்னை ஒருத்தி திரும்பிப் பாக்கல. எனக்கு எவ்வளவு எரிஞ்சிருக்கும்னு நினைக்கிறீங்க?"

மறுநாள் ஊசிமுத்து ஈர இலையால் பலகையைத் தேய்த்தார். எழுத்து சின்னதாகிவிட்டது. நாவல் கறை மட்டும் போகவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் தினமும் கரைக்குப் போவார்.

அடுத்தவருக்குக் கிடைத்த பெருமையையே அளந்துகொண்டிருப்பவர், தம்மை நம்பி நிற்பவரைக் கைவிட்டுவிடுவார்.