முப்பத்தொரு முறை திறந்த மூடி

பேராசிரியர் தணிகாசலம் பீர் காய்ச்சக் கற்றுக்கொள்ளப் போய் நின்ற வாசல், ஒரு காலத்தில் அவரே மூன்று முறை ஃபெயில் போட்ட பெண்ணின் வாசல்.

அவள் பெயர் பிலோமினா. புதுச்சேரியில் அவர் வேலை பார்த்த கல்லூரியில் வேதியியல் படித்தவள். செய்முறைத் தேர்வில் மூன்று தடவை விழுந்து, நான்காம் தடவை தேறியவள். கல்யாணமாகி பிரான்சுக்கு வந்து, ஸ்ட்ராஸ்பூர் நகரத்தில் குடியேறி இருபது வருஷம் ஆகிறது. அந்த ஊர்ப் புதுச்சேரிக்காரர்கள் வீட்டில் ஞானஸ்நானம் என்றாலும் பிறந்தநாள் என்றாலும் அவள் தன் வீட்டு நிலவறையில் காய்ச்சுகிற பீர்தான். குடித்தவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். கற்றுக்கொடு என்று கேட்டு வருகிறவர்களுக்கும் குறைவில்லை.

தணிகாசலத்துக்கு வயது அறுபத்தாறு. மனைவி போன பிறகு மகள் வெண்மதியோடு இருக்கலாம் என்று போன வருஷம்தான் அந்த ஊருக்கு வந்தார். முப்பத்து நான்கு வருஷம் பாடம் நடத்தியவர். நொதித்தல் பற்றி அவர் பேசினால் கடைசி பெஞ்சும் வாய் பிளந்து கேட்கும். ஆய்வுக்கூடத்திலோ ஒவ்வொரு பிள்ளையின் முதுகுக்குப் பின்னாலும் போய் நின்றுகொள்வார். தன் கண்ணுக்குத் தப்பி ஒரு சொட்டு கீழே விழாது என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

அந்தப் பெருமையில் கை வைத்தவர் அந்துவான். முத்தியால்பேட்டையில் ஒரே தெருவில் தணிகாசலத்தோடு கோலி ஆடியவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, ஓய்வு பெற்று, ஸ்ட்ராஸ்பூரிலேயே தங்கிவிட்டவர். இப்போது வீட்டை விற்றுவிட்டு ஒரேயடியாகப் புதுச்சேரிக்குத் திரும்பப் போகிறார். நாற்பது வருஷம் கழித்துக் கிடைத்த சிநேகிதன் ஒரே வருஷத்தில் கிளம்புகிறான் என்பது தணிகாசலத்துக்குத் தாங்கவில்லை. அதைச் சொல்லத் தெரியாமல் நொதித்தலைப் பற்றிப் பேசினார்.

"முப்பத்தி நாலு வருஷம் போர்டுலயே நுரைக்க வெச்சிருக்க. ஒரு கிளாஸ் காய்ச்சியிருக்கியாடா?" என்று கேட்டார் அந்துவான்.

"நீ ஊருக்குப் போறதுக்கு முன்னாடி என் கையால காய்ச்சின பீரைக் குடிச்சிட்டுத்தான் போற" என்று சொல்லிவிட்டார் தணிகாசலம்.

அந்துவான் கிளம்ப ஆறே வாரம் இருந்தது. அதனால்தான் பிலோமினா வாசல்.

"உள்ள வாங்க சார்" என்றாள் அவள். முகத்தில் பழைய கோபம் எதுவும் இல்லை.

"நான் இன்னிக்கு சார் இல்லம்மா. உன்கிட்டப் படிக்க வந்திருக்கேன்."

"சரி. தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். சொன்னதை மட்டும் செய்யணும். முடியுமா?"

"முடியும். ஒண்ணே ஒண்ணு கேட்கலாமா? மூணு தடவை ஃபெயில் ஆனியே, நாலாவது தடவை எப்படிப் பாஸ் பண்ணின?"

பிலோமினா சிரித்தாள். "உங்க பீர் தயாரானதும் சொல்றேன்."

முதல் நாள் முழுக்கப் பாத்திரம் கழுவச் சொன்னாள். கழுவியதை முகர்ந்து பார்த்து, "சோப்பு வாசனை" என்று திருப்பிக் கொடுத்தாள். மறுபடி கழுவினார். சாயங்காலம் அவருடைய விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. வாய் பேசாமல் கழுவிய பேராசிரியரை நாமும் கொஞ்சம் மெச்சத்தான் வேண்டும்.

இரண்டாம் நாள் காய்ச்சினார்கள். முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து வெந்நீரில் ஊறவைத்தாள். கையால் தொட்டுப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். அவளோ தெர்மாமீட்டரை எடுத்தாள்.

"அறுபத்தேழு" என்றாள். "ஒரு டிகிரி கூடினாலும் குறைஞ்சாலும் ருசி மாறும்."

"அளக்கிறியே!" அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

"அளக்காம எப்படி சார்?"

பார்லித் தண்ணீரை வடிகட்டி, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, சட்டென்று ஆறவைத்தாள். அவள் கை எங்கும் அவசரப்படவில்லை, எங்கும் தயங்கவும் இல்லை. இந்தக் கைகளுக்கா நாம் மூன்று முறை பூஜ்யம் போட்டோம் என்று தணிகாசலத்துக்கு வெட்கமாக இருந்தது. பார்க்கப் பார்க்க ஆசையாகவும் இருந்தது.

பிறகு வாளியில் ஊற்றி, ஈஸ்ட்டைத் தூவி, மூடியை அழுத்தினாள். மூடியின் மேல் ஒரு வளைந்த குழாய், அதில் இரண்டு விரல் தண்ணீர். உள்ளே உண்டாகும் காற்று குமிழாக வெளியே வரும். வெளிக்காற்று உள்ளே போகாது.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. உங்க முதல் பீர் உங்க வீட்டுலதான் ஆகணும்."

"இனி நான் என்ன செய்யணும்?"

"பதினாலு நாள் ஒண்ணும் செய்யக்கூடாது."

"அவ்வளவுதானா?"

"இங்க வர்றவங்களுக்கு அதுதான் சார் வர மாட்டேங்குது."

மகள் வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே இருந்த சின்ன அறையில் வாளியை வைத்தார். மறுநாள் காலையில் குழாயில் முதல் குமிழ் வந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கரும்பலகையில் அவர் ஆயிரம் தடவை எழுதிய சமன்பாடு, படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து மூச்சு விடுகிறது! நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிமிஷத்துக்கு எத்தனை குமிழ் என்று எண்ணினார்.

நான்காம் நாள் குமிழ் குறைந்தது. மூடியைக் கொஞ்சமே கொஞ்சம் திறந்து, ஒரு குவளை மொண்டு, அடர்த்தியை அளந்து நோட்டில் குறித்தார். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டது அவருக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்ததால், சாயங்காலமும் திறந்தார். அடுத்த நாள் நான்கு தடவை.

அந்துவான் போன் செய்தார். "ஆத்தங்கரைப் பக்கம் நடந்துட்டு வரலாம், வாடா."

"இன்னிக்கு முடியாதுடா. அளவு எடுக்கணும்."

மறுபடி ஒரு நாள் கூப்பிட்டார். "பெட்டி கட்டறேன். கூட இருந்தா நல்லா இருக்கும்."

"எல்லாம் உனக்காகத்தான் பண்றேன். கொஞ்சம் பொறுடா."

"அப்பா, அது என்ன ஐசியூவா? ஒரு நாளைக்கு ஆறு தடவை எட்டிப் பார்க்கறீங்க?" என்றாள் வெண்மதி. அவர் காதில் விழவில்லை.

பத்தாம் நாள் மூடியைத் திறந்தபோது பீரின் மேல் பாலாடை மாதிரி ஒரு வெள்ளைப் படலம் படர்ந்திருந்தது. மூக்கில் காடி நெடி ஏறியது. அது வெளிக்காற்றோடு உள்ளே போன கிருமியின் வேலை என்று அவருக்குத் தெரியும். எத்தனையோ வருஷம் அதைப் பாடமாக நடத்தியவர்தானே.

ஒரு பாட்டில் நிறைய அதையும், அளவுகள் எழுதிய நோட்டையும் எடுத்துக்கொண்டு பிலோமினாவிடம் போனார். "அந்துவான் பெட்டி கட்ட ஆரம்பிச்சுட்டான், அவனுக்காகக் காய்ச்சினது இப்படி ஆயிடுச்சே" என்று புலம்பினார்.

அவள் முதலில் நோட்டைப் பிரித்தாள். நாள், நேரம், சூடு, அடர்த்தி, நிறம், வரைபடம். ஒரு பக்கம் விடாமல் பார்த்தாள்.

"எவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க!" என்றாள். கிண்டல் இல்லை, மனதாரச் சொன்னாள். "நோட்டுக்கு நூத்துக்கு நூறு."

பிறகு பாட்டிலிலிருந்து ஒரு வாய் அவருக்கு ஊற்றிக் கொடுத்தாள். அவர் முகம் கோணியது.

"எத்தனை தடவை திறந்தீங்க?"

"முப்பத்தியோரு தடவை."

"அந்துவான் எத்தனை தடவை கூப்பிட்டார்?"

அது நோட்டில் இல்லை.

பிலோமினா அலமாரியிலிருந்து தன் பாட்டில் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இதைக் கொண்டுபோய் அவருக்குக் குடுங்க. உங்களுதுன்னு சொல்லுங்க. நானும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் அதைப் பார்த்தார். நல்ல தங்க நிறம். கையை நீட்டினால் போதும், வாக்கு காப்பாற்றப்பட்டுவிடும்.

"வேணாம்மா" என்றார். "அவன்கிட்ட நான் பொய் சொன்னதில்ல."

பாட்டில் அலமாரிக்குத் திரும்பிப் போனது. "அவர் கிளம்ப இன்னும் எத்தனை நாள்?"

"முப்பது."

"வாளியில பதினாலு, பாட்டில்ல பதினாலு. இன்னிக்கே கழுவ ஆரம்பிங்க. இந்தத் தடவை தனியாச் செய்ங்க. மூடியை மூடினதும் வீட்டுல உட்காராதீங்க. என்கிட்டயும் வராதீங்க."

"எங்க போறது?"

"அந்துவான் பெட்டி கட்டறார்னு சொன்னீங்களே."

அவர் கழுவினார், ஊறவைத்தார், அறுபத்தேழு டிகிரியைப் பிடித்தார், கொதிக்கவிட்டார், ஆறவைத்தார், மூடினார். படிக்கட்டு அறையைப் பூட்டி, சாவியை வெண்மதியிடம் கொடுத்தார்.

"நான் கெஞ்சினாலும் குடுக்காத" என்றார். இரண்டாம் நாளே கெஞ்சினார். அவள் கொடுக்கவில்லை.

தினமும் அந்துவான் வீட்டுக்குப் போனார். தட்டுமுட்டுச் சாமான்களைக் காகிதத்தில் சுற்றினார்கள். ஆற்றங்கரையில் நடந்தார்கள். முதல் நாட்களில் அவர் கை சட்டைப்பையில் நோட்டைத் தேடித் தேடி வெறுங்கையோடு திரும்பியது.

"ஏண்டா, பொண்டாட்டியைப் பிரசவத்துக்கு விட்டுட்டு வந்தவன் மாதிரி முழிக்கிற?" என்றார் அந்துவான்.

ஒரு நாள் ஆற்றோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அந்துவானே பேசினார். "எனக்கு ஊருக்குப் போகப் பயமா இருக்குடா."

"உனக்கா? எத்தனை சண்டையைப் பார்த்தவன் நீ."

"முத்தியால்பேட்டையில என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட இப்ப யாரு இருக்கா? ஒருத்தன் இருந்தான். அவனும் இங்க வந்துட்டான்."

தணிகாசலம் அந்துவானின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று அவருக்கு வாளியின் ஞாபகமே வரவில்லை.

பதினாலாம் நாள் வெண்மதி சாவியைக் கொடுத்தாள். தெளிவான பீர். புட்டிக்கு அரை ஸ்பூன் சர்க்கரை போட்டு அடைத்தார். அது உள்ளே நுரை கட்ட இன்னும் பதினாலு நாள். அந்த அறையை மறுபடியும் பூட்டினார்.

அந்துவான் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் மத்தியானம், காலியான வீட்டில், இரண்டு அட்டைப்பெட்டிகள்மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று சத்தம் கேட்டது. கண்ணாடி டம்ளரில் நுரை ஏறி விளிம்பில் நின்றது. அந்துவான் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். தணிகாசலம் அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

"கசப்பு தூக்கலா இருக்கு" என்றார் அந்துவான். "ஆனா பீர்தாண்டா இது. சத்தியமா பீரு."

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அழுதார்கள். அந்துவான் ஒரு பாட்டிலைக் கைலியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

"இதை நீ ஊருக்கு வர்ற வரைக்கும் திறக்க மாட்டேன்" என்றார்.

"சீக்கிரம் வர்றேன்" என்றார் தணிகாசலம்.

மறுநாள் சிநேகிதனை வழியனுப்பிவிட்டு, நேராகப் பிலோமினா வீட்டுக்கு ஒரு பாட்டிலோடு போனார். அவள் ஊற்றினாள், முகர்ந்தாள், குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி அவர் நின்றார்.

"பாஸ்" என்றாள்.

அவருக்கு உடம்பெல்லாம் இனித்தது. "அப்ப இப்ப சொல்லு. கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கறவனெல்லாம் பாஸ் பண்ணின பரீட்சை அது. இவ்வளவு நல்ல கை உனக்கு. மூணு தடவை ஏன் ஃபெயில் ஆன? நாலாவது தடவை எப்படிப் பாஸ் பண்ணின?"

பிலோமினா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நாலாவது பரீட்சைக்கு நீங்க வரல சார். மஞ்சள் காமாலைன்னு லீவுல இருந்தீங்க."