ஒரு சாண் கோலும் ஓரா மீனும்

முன்னொரு காலத்திலே பவழத்துறை என்ற கடலோர நாட்டை மகரவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் மதியச் சாப்பாட்டில் மீன் இல்லையென்றால் போச்சு, அன்றைக்கு யார் தலை உருளுமோ!

கடலுக்குள் பவழப்பாறைத் திட்டாகக் கிடக்கும் பாரில் மீன் குறைந்துகொண்டே வந்தது. "ஒரு தடவையாவது முட்டை விடாத மீனை யாரும் பிடிக்கக் கூடாது" என்று ராஜா ஆணை போட்டான். நல்ல ஆணை. அதை ஒப்படைத்தது யாரிடம்? கடற்கரையையே மிதிக்காத அமைச்சர் வல்லபராயரிடம்! அவர் ஒரு சாண் நீளத்துக்குப் பித்தளைக் கோல் ஒன்று செய்தார். "கோலுக்குக் குறைந்ததெல்லாம் குஞ்சு. பிடித்தவன் படகைக் கொளுத்துவோம்" என்று முரசறைந்தார்.

முதலில் மாட்டியவன் சங்கன். அவன் பிடித்த ஓரா மீன்கள் கோலுக்கு ஒரு விரற்கடை குறைச்சல். அன்று சாயங்காலமே படகுக்குத் தீ வைப்பதாக முடிவாயிற்று. செய்தி கேட்டதும், மீன் அறுக்கும் அவன் பெண்டாட்டி காத்தாயி அரிவாள்மணையும் அந்த ஓரா மீனும் கையுமாகச் சபைக்கே வந்துவிட்டாள்.

வேறு யாராவது ராஜாவிடம் பேசினாலே வல்லபராயருக்கு வயிறு எரியும். "மீன்காரிக்குச் சபையில் என்ன வேலை?" என்று சீறினார்.

"ஐயா, உங்களுக்குக் கடலில் என்ன வேலையோ அதே வேலைதான்" என்றாள் காத்தாயி. ராஜா சிரித்துவிட்டான்.

"மகாராஜா, அந்தப் படகு போனால் நாங்கள் பட்டினி. பிடிபட்ட மீனை இங்கேயே அறுத்துக் காட்டுகிறேன்." ஓராவின் வயிற்றைக் கீறினாள். உள்ளே சினைப்பை தொளதொளவென்று கிடந்தது. ஓரத்தில் மிச்ச முட்டைகள். "பாருங்கள், முட்டை விட்டு முடித்த பை இது. ஓரா வளர்வதே இவ்வளவுதான். இனி, உங்கள் சாப்பாட்டுக்கு வந்த மீனைக் கொண்டுவரச் சொல்லுங்கள்."

இரண்டு சாண் நீளக் கலவா மீன் வந்தது. "இது கிழவி மீன்!" என்றார் வல்லபராயர். காத்தாயி அறுத்தாள். சினைப்பை நூல் மாதிரி இருந்தது. "முட்டையே வைக்காத சிறுசு, ஐயா. கலவா இன்னும் பெரிசாகித்தான் முட்டை வைக்கும்."

"இதைப் பிடித்த படகு யாருடையது?" என்று ராஜா கர்ஜித்தான்.

சமையற்காரன் வல்லபராயரை ஓரக்கண்ணால் பார்த்தான். "அமைச்சர் வீட்டுப் படகுதான் பிரபு."

"கொளுத்துங்கள் அதை!"

"வேண்டாம் மகாராஜா" என்றாள் காத்தாயி. "எரித்தால் யாருக்கு என்ன லாபம்? ஐயா ஒரு வருஷம் என் பக்கத்தில் உட்காரட்டும். எந்த மீன், எவ்வளவு நீளம், எந்த மாசம் சினை பிடிக்கிறது என்று வயிற்றைப் பார்த்து எழுதட்டும்."

அப்படியே ஆயிற்று. சங்கனுக்குப் படகு திரும்பியது. காத்தாயி கடல் அதிகாரியானாள். வல்லபராயர் முதல் மாதம் மூக்கைப் பொத்தினார். ஆறாம் மாதம் முதல் காத்தாயியிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டார். வருஷம் முடிவதற்குள் ஒவ்வொரு மீனுக்கும் ஒவ்வொரு அளவும், பிடிக்கக் கூடாத சினை மாசமும் எழுதி முடித்தார்.

அடுத்த சில வருஷங்களில் பார் முழுக்க மீன் மொய்த்தது. ஒருநாள் ராஜா ஆசையாகச் சாப்பிட உட்கார்ந்தான். இலையில் கீரையும் மோரும்தான் இருந்தன.

"கலவா எங்கே?"

வல்லபராயர் கைகட்டி நின்றார். "சினை பிடிக்கும் மாசம் பிரபு. தங்களுக்கும் கிடையாது."

ராஜா அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு, "இன்னும் கொஞ்சம் கீரை போடு" என்றான்.